பதினொரு திகதிகள்

முதல் திறப்புக்கு ஓர் இருமல்.
இரண்டாவதுக்கு அதுவும் இல்லை.
பிறகு ஸ்ராட்டர் மட்டும் சுற்றுகிறது, கர்ர் கர்ர் என்று,
தொண்டையில் முள் சிக்கிய நாய் மாதிரி.
விடிய மூன்றே முக்கால். ஹெரிசாவ்.
சைபருக்குக் கீழே ஒன்பது.
பின் இருக்கையில் இருநூற்றுப் பத்துப் பத்திரிகை,
ஆறரைக்குள் அவ்வளவும் பெட்டிகளுக்குள் விழவேண்டும்.

பற்றரிதான், என்றார் கெங்காதரன்
போர்வைக்குள் இருந்தபடி.
புதுப் பற்றரி நூற்று அறுபது பிராங்க்.
முன்னரைவிட வேகமாகச் சுற்றியது.
பிடிக்கவில்லை.
குளோ பிளக், என்றான் கராஜ்காரன்,
குளிருக்கு அதுதான் போகும்.
நாலையும் மாற்றினான்.
குளிர் எல்லா நாளும்தானே?
சில நாள் கை வைத்தவுடன் எழும்பி நிற்கிறதே,
சுற்றுலாப் போகிற பிள்ளை மாதிரி?
கேட்டது நான்.
அவன் என் புருஷனைப் பார்த்துப் பதில் சொன்னான்.

பிறகு கடிதம் வந்தது. பதிவுத் தபால்.
இரண்டாம் மாடி ஆல்டர் அம்மா
வீட்டு நிர்வாகத்துக்கு எழுதி, எங்களுக்கு ஒரு பிரதி.
இரவு அமைதி காலை ஆறு மணி வரை என்பது முதல் வரி.
மிச்சம் அட்டவணை,
அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது.
ஜனவரி 9: நான்கு நிமிடம், பத்து விநாடி.
ஜனவரி 11: ஐந்து நிமிடம். கதவை அடித்துச் சாத்தல்.
ஜனவரி 13
14
15
இப்படி இருபத்து மூன்று வரை, பதினொரு திகதி.

மனுசியோ மணிக்கூடோ, என்று கொதித்தார் கெங்காதரன்.
நான் அதைக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
மூன்று நாள் பார்த்தேன்,
அதில் இல்லாத திகதிகளை.

ஞாயிறு பத்திரிகை இல்லை, அதை விடுங்கள்.
பத்து. பதினேழு. இருபத்து நான்கு.
மூன்றும் வெள்ளி.
வியாழன் இரவு யோடல் குழுவுக்கு ஒத்திகை,
மேல் தரிப்பிடம் முழுக்க அவர்கள் கார்.
அன்றைக்கு மட்டும் நான் தெருவில்,
மூக்கு பள்ளத்தைப் பார்க்க விடுவேன்.

குளிருக்கு மேடு பள்ளம் தெரியாது.
டீசலுக்குத் தெரியும்.
மூக்கு மேலே நின்றால்
இரவு முழுக்கச் சத்தமில்லாமல் பின்னால் இறங்கித்
தாங்கிக்குத் திரும்பிப் போகிறது.
எங்கேயோ ஓர் ஓட்டை
அதன் இடத்துக்குக் காற்றை உள்ளே விடுகிறது.

சனிக்கிழமை பொனற்றைத் திறந்தேன்.
பில்ற்றரிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் கண்ணாடி மாதிரி,
இத்தனை வருடம் அதற்குள் பார்க்கத் தோன்றவில்லை.
திறப்பைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும்.
கெங்காதரன் இரவு வேலை முடித்து நித்திரை.
ஆல்டர் அம்மா கடைப் பையோடு வந்தாள்.
ஒருதரம் திருப்புவீர்களா, என்றேன்.
கையை உயர்த்தி நேரம் பார்த்தாள்.
பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மதிய அமைதி, என்றாள்.
போய்விட்டாள்.

ஒன்று ஒன்றுக்கு இறங்கி வந்தாள். கையுறையோடு.
தான் எண்ணிய சத்தத்தைத் தானே எழுப்பினாள்.
குமிழிகள்,
நூலில் கோத்த மாதிரி, ஒன்றின் பின் ஒன்று.
போதும், போதும், என்று கத்தினேன்.

பில்ற்றர் தலையில் இரண்டு றப்பர் வளையங்கள்.
சப்பளிந்து, காய்ந்து,
நகம் பட்டதும் ஒன்று உடைந்தது.
நான்கு பிராங்க் எண்பது.
வாங்கி வந்து போட்டேன், பில்ற்றரை டீசலால் நிரப்பினேன்,
வேண்டுமென்றே மேலே மூக்கு வைத்து விட்டேன்.
ஞாயிறு முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை.

திங்கள், மூன்றே முக்கால்.
ஒரே திறப்பு.
இரண்டாம் மாடியில் விளக்கு எரிந்தது.
திரைக்குப் பக்கத்தில் ஒரு கை,
நிமிர்ந்த ஒரு விரல்.
நானும் ஒரு விரல் காட்டினேன்.
சந்தோஷத்தில் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன்.
அதை எழுதியிருப்பாள்.